தூள் டப்பா

அன்று வியாழக்கிழமை. காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு மாடிக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், எனக்கு நான்கு வயது மூத்த என் அக்கா, என் மகன், மருமகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மருமகளின் அண்ணன், எங்கள் பேக்கரியில் முப்பத்தொரு வருடமாக அடுப்படியில் நிற்கும் மாஸ்டர், பிறகு பன்னு. பன்னு என் பேத்தி. எட்டு மாதம். கன்னம் இரண்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியவை போல இருந்ததால் மாஸ்டர் வைத்த பெயர் அது.

வேறு யாரும் அங்கே இல்லை. அடுத்த கட்டடத்துத் தையல்காரர் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இல்லை. அவர் வந்தது பிறகு, அதுவும் படிக்கட்டு வரைக்கும்தான். தன் காரைக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லியாகிவிட்டது. கார் கொடுத்தவர் கண்ணால் பார்த்தவர் ஆகிவிட மாட்டார்.

எங்கள் வீடு இப்படி: கீழே கடை, கடைக்குப் பின்னால் அடுப்படி, மேலே நாங்கள். தொடங்கியவர் என் அப்பா. கடைப் பலகையில் எங்கள் பெயருக்குக் கீழே அவர் எழுதி வைத்த வரி அறுபது வருடமாக அப்படியே இருந்தது: ‘எங்கள் ரஸ்க்கில் நான்கே பொருள். ஐந்தாவது இல்லை.’ கோதுமை மாவு, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு. அட்டைப் பெட்டியிலும் அதையேதான் அச்சடித்தோம். காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கும் நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த நான்கும் உண்மை. ஆனால் அடுப்படியின் மூலையில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், நீல நிறத் தகர டப்பா ஒன்று உண்டு. தட்டில் உடைந்துபோகும் பிஸ்கட்டுகளை நாங்கள் எறிவதில்லை. மதியம் அவற்றை அரைத்து அந்த டப்பாவில் போடுவோம். மாலையில் ரஸ்க்குக்கு மாவு பிசையும்போது அன்றைய தூளை அன்றே அள்ளிப் போட்டுத் தீர்த்துவிடுவோம். ரஸ்க்கின் நிறமும் மணமும் அந்தத் தூளில்தான் இருந்தது. மாவுத் தட்டுப்பாடு வந்த ஒரு வருடத்தில் என் அப்பா கண்டுபிடித்தது. அவர் எனக்குச் சொன்னார். நான் மாஸ்டருக்குச் சொன்னேன், ஏனென்றால் கை அவருடையது. என் மகனுக்குச் சொல்லவில்லை. அவன் ஆர்டர் எடுப்பதும் வண்டி ஓட்டுவதுமாக இருந்தான். அடுப்படிக்கு வரட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். அந்தத் தூளை நாங்கள் ஒரு பொருளாக நினைத்ததே இல்லை. ரஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அடுப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா, அப்படித்தான்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் முந்திரி பிஸ்கட் போடும் நாட்கள்.

பன்னுவுக்கு ஏழாம் மாதம் முதல் தடவையாக முட்டை கொடுத்தார்கள். ஒரு சின்ன ஸ்பூன். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து, வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சரியானது. பிறகு குழந்தைகள் டாக்டர் முதுகில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, ஊசி முனையால் லேசாகக் கீறிப் பார்த்தார். முட்டை விட்ட இடத்தில் ஒரு தடிப்பு. முந்திரி விட்ட இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு.

“முட்டை கூட வளர வளர சரியாகலாம். முந்திரிதான் எனக்குப் பயம். ஒரு பொட்டு போதும், மூச்சுக்குழாய் அடைச்சிடும்” என்றார் டாக்டரம்மா. தொடையில் குத்துவதற்கு இரண்டு ஊசிப் பேனாக்கள் கொடுத்தார். எப்படிக் குத்துவது என்று மருமகளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தில் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு பேனாவும் ஒரு துணிப்பையில் அவள் இடுப்பிலேயே இருந்தன. குளிக்கும்போது கதவுக் கொக்கியில் தொங்கும்.

முந்திரி வீட்டுக்குள் வராது என்று நான் உத்தரவு போட்டேன். மாடிக்கு வருபவர்கள் கை கழுவிவிட்டு வர வேண்டும் என்றேன். எல்லாம் சரியாக நடந்தது. ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து பன்னுவின் முகவாயிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்புகள் வர ஆரம்பித்தன. வரும், இரண்டு மணி நேரம் இருக்கும், போய்விடும். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அந்த வாரத்தில்தான் என் அக்கா ரஸ்க் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டில் இரண்டு துண்டு மாடிக்கு வந்துவிடும். அது அப்பா காலத்து வழக்கம். வெந்நீரில் ஊறவைத்து மசித்துப் பத்தரை மணிக்கு ஊட்டுவாள்.

மருமகள் ஒரு நோட்டுப் போட்டு எழுதினாள். குழந்தை தின்றது, தான் தின்றது, தடிப்பு வந்த நேரம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை டாக்டரிடம் போனபோது நானும் போனேன். வாத்தியாரும் வந்திருந்தார். டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“இந்த ரஸ்க்ல என்னென்ன இருக்கு?”

“எங்க கடை ரஸ்க்தான். நாலே பொருள். பலகையிலேயே எழுதியிருக்கு” என்றேன்.

“மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும், டாக்டர்” என்றாள் மருமகள்.

டாக்டர் ரஸ்க்குக்கு நேரே ஒரு டிக் போட்டார். “அப்போ தாய்ப்பால் வழியா ஏதாவது போகுதான்னு பாக்கலாம். நீங்க சாப்பிடறதுல ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க.”

அவள் நிறுத்தினாள். முட்டை, முந்திரி எல்லாம் முன்பே நின்றிருந்தது. பிறகு பால், வேர்க்கடலை, மீன், எள். பன்னிரண்டு நாளில் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. என் அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். “இவ பால்லதான் என்னமோ இருக்கு. எங்க காலத்துல புள்ளைங்க மண்ணைத் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல” என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று சொல்வாள். யாரிடம் சொல்கிறாள் என்று இருக்காது. நான் அதைத் தடுக்கவில்லை.

அந்தப் பேச்சு மருமகளின் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் வியாழக்கிழமை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் உட்கார்ந்ததும் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“மாமா, நான் சண்டை போட வரல. ஒரு மாசம் இவளையும் கொழந்தையையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆளைப் பாருங்க. கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருக்கா.”

“இப்படிப் பாதியில கூட்டிட்டுப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்றேன்.

“நாலு பேருக்கா அலர்ஜி?”

என் மகன் தரையைப் பார்த்தான். அக்கா மூலை நாற்காலியில் பன்னுவை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்தில் ஸ்பூனால் மசித்துக்கொண்டிருந்தாள். “வாயைக் கட்டினா எல்லாம் சரியாப் போகும்” என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல.

“இன்னும் எதைக் கட்டறது அத்தை? தண்ணி ஒண்ணுதான் மிச்சம்” என்றாள் மருமகள். குரலை உயர்த்தவில்லை.

அப்போதுதான் மாஸ்டர் படியேறி வந்தார். அவர் மாடிக்கு வருகிறவர் அல்ல. கையில் மாவு இல்லை, நன்றாகக் கழுவியிருந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

“என்ன மாஸ்டர்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல முதலாளி. பேசிட்டு இருக்கீங்க. இருக்கேன்.”

வாத்தியார் தங்கையின் நோட்டைத் திறந்தார். உள்ளே கோடு போட்ட தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. “நான் ராத்திரி உக்காந்து ஒரு அட்டவணை போட்டேன். மொத்தம் ஆறு தடவை தடிப்பு வந்திருக்கு. இவ என்னைக்கு என்ன சாப்பிட்டாங்கறதோட ஒத்துப் போகல. ஆனா கிழமையோட ஒத்துப் போகுது. வியாழன், ஞாயிறு. வியாழன், ஞாயிறு. வியாழன், ஞாயிறு.”

“கிழமை பாத்து வருமா ஒரு சீக்கு? ஜோசியக்காரன் பரம்பரையா நீங்க?” என்றாள் அக்கா.

“கணக்கு அப்படித்தான் சொல்லுது. இந்த ரெண்டு நாள்ல மட்டும் இந்த வீட்டுல என்ன வித்தியாசமா நடக்குது?”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன் மதியம் உடைந்தது, புதன் மாலை மாவில் விழும். ரொட்டியாக வெந்து, துண்டு போட்டு, தணிந்த அடுப்பில் காய்ந்து வியாழன் காலை ரஸ்க்காக வெளியே வரும். சனி உடைந்தது ஞாயிறு. இதைச் சொல்லித்தர எங்கள் இருவருக்கும் யாரும் தேவையில்லை.

அக்கா முதல் வாய் ஊட்டினாள். பன்னு சப்புக்கொட்டினாள்.

“முதலாளி, நேத்து அந்தத் தட்டு…” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

முந்தின நாள் மதியம் முந்திரி பிஸ்கட் தட்டு ஒன்று அவர் கை தவறி விழுந்திருந்தது. ஒரு தட்டு முழுவதும். அத்தனையும் அரைத்து டப்பாவில் போடச் சொன்னவன் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சம்பந்தி வீட்டு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார், கையில் அட்டவணையோடு.

“அதை அப்புறம் பேசலாம். கீழ போங்க” என்றேன்.

மாஸ்டர் போகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் சொல்லி அவர் நகராதது அது ஒரு தடவைதான்.

இரண்டாவது வாய்.

பிறகு ஆளில்லாதபோது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரஸ்க் போதும், குழந்தைக்கு வேறு ஏதாவது கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்பாவின் பலகை ஞாபகம் வந்தது. இதெல்லாம் நினைக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு ஸ்பூன் கிண்ணத்துக்குப் போய்க் குழந்தையின் வாய்க்கு வரும் நேரம்.

மூன்றாவது வாய்.

“அக்கா, நிறுத்து” என்றேன்.

“ஏன்? இன்னும் நாலு வாய்தான் இருக்கு. நல்லாச் சாப்பிடறா.”

“அதுல முந்திரி இருக்கு.”

அக்கா சிரிக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மருமகள் எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தாள், குழந்தையைக் கையில் எடுத்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள். என் மகன்தான் கேட்டான்: “அப்பா, என்ன சொல்றீங்க?”

பன்னு காதைத் தேய்த்தாள். ஒரு தடவை இருமினாள். வாயைச் சுற்றி நிறம் ஏறியது, முகவாய், கழுத்து, மார்பு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அழுகை சரியாக வரவில்லை. தகரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. தலை அம்மாவின் கையில் துவண்டது. அழுதுகொண்டே இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

அக்கா கையை நீட்டினாள். “எங்கிட்ட குடு, தோள்ல போட்டு முதுகைத் தட்டறேன்.”

“தூக்காதீங்க அத்தை. படுக்க வைக்கணும்.” மருமகள் குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்தினாள். இடுப்புப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தொடையில் வைத்து அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். வாயால் எண்ணினாள், ஒன்றிலிருந்து பத்து வரை, அவசரப்படாமல். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வாத்தியார் போனில் ஆம்புலன்ஸைப் பிடித்திருந்தார். “இருபது நிமிஷம் ஆகுமாம்.”

“நம்ம வண்டியை எடுக்கறேன். ஏழு நிமிஷத்துல போயிடலாம்” என்று என் மகன் சாவியை எடுத்தான்.

“அந்த வண்டி வேண்டாம்” என்றாள் மருமகள். “அதுல நேத்து என்ன ஏத்தினீங்க?”

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முந்திரி பிஸ்கட் ஏற்றியிருந்தான். அந்த வண்டியின் இருக்கையிலும் கதவிலும் எல்லாம் அதுதான். எங்கள் வீட்டில் ஓடக்கூடியது வேறொன்றும் இல்லை. வாத்தியார் வந்ததோ பஸ்ஸில். மாஸ்டர் ஏற்கெனவே படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். அறுபது வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தையல்காரரையும் அவர் காரையும் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

காரின் பின் இருக்கையில் மருமகள் குழந்தையை மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் வாத்தியார். நான் முன்னால். என் மகன் ஓட்டினான். பாதி வழியில் பன்னுவின் நிறம் கொஞ்சம் திரும்பியது, ஒரு கண்ணைத் திறந்தாள். “பன்னு, அம்மா பாரு, இங்க பாரு” என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வளைவு தெரியும்போது மூச்சு மறுபடியும் இழுத்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. எனக்குப் பின்னால் இரண்டாவது ‘டக்’ கேட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து பத்து. இந்தத் தடவை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அவள் குரல் உடைந்தது. ஆனாலும் எண்ணி முடித்தாள்.

உள்ளே கொண்டுபோனார்கள். மாஸ்க் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். டாக்டரம்மா நடந்துகொண்டே கேட்டார்: “என்ன சாப்பிட்டா?”

“ரஸ்க்” என்றேன்.

“எது? அன்னைக்குச் சொன்ன அந்த நாலு பொருள் ரஸ்க்கா?”

“அஞ்சு” என்றேன்.

டப்பாவைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கிழமை எது உடையும், எவ்வளவு விழும், நேற்று எத்தனை விழுந்தது, எல்லாம். ஒரு நர்ஸ் எழுதிக்கொண்டார். வாத்தியாரும் மகனும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மருமகள் கதவுக் கண்ணாடி வழியாகக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்து, ஆபத்தைத் தாண்டிவிட்டாள், நாளைக் காலை வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் என் எதிரில் வந்து நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப, அந்த டப்பா உங்க மனசுல வந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அதற்கு முன்பு ஒரு தடவை நம்பியவள்தான்.

“வந்துச்சு” என்றேன். “ஒரு தடவை வந்துச்சு. உங்க அண்ணன் பக்கத்துல இருந்தார். அள்ளிப் போடற தூள்ல என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “பன்னெண்டு நாள் நான் எதையும் திங்கல மாமா” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பன்னு வீடு திரும்புவதற்குள் டப்பாவைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ரஸ்க் மாவில் இனி தூள் விழாது, விஷயம் முடிந்தது என்று அவளிடம் சொன்னேன்.

“அதுக்கு முன்னாடி வித்தது?” என்றாள். “நம்ம பன்னு மட்டும்தான் ரஸ்க் திங்கறாளா?”

“வெளிய சொன்னா கடை பேரு என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா?”

“பன்னுவுக்கு நான் பக்கத்துல இருந்தேன், ஊசி இருந்துச்சு. வேற வீட்டுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.” பிறகு சொன்னாள்: “அண்ணன் கூட இன்னைக்கே கிளம்பலாம்னுதான் இருந்தேன். நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்.”

அது மிரட்டல் இல்லை. எனக்கு அது விளங்கியது. ஒரு தாய் தன் குழந்தையை எந்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறாள்.

கடையில் இருந்த ரஸ்க் பெட்டிகளை எல்லாம் இறக்கினோம். என் மகன் ஆர்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டான். நான் ஷட்டரில் ஒட்ட ஒரு தாள் எழுதினேன். வாத்தியார் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று நானே எழுதினேன். இதுவரை விற்ற ரஸ்க்கில் முந்திரி, பால், வேர்க்கடலை சேர்ந்த பிஸ்கட் தூள் கலந்திருந்தது, ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட வேண்டாம், பெட்டியைத் திருப்பித் தரலாம். கீழே என் கையெழுத்து. பலகையின் கடைசி வரியை மறைக்கப் பெயின்டர் வருவதற்குள் மாஸ்டர் ஏணி வைத்து ஏறி மைதாச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். “காத்துல பறக்குது முதலாளி, ‘ஐந்தாவது’ மட்டும் அப்பப்ப தெரியுது” என்றார். நான் சிரிக்கவில்லை. மருமகள் ஜன்னலில் நின்றிருந்தாள். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

இப்போது முந்திரி பிஸ்கட் எங்கள் கடையில் இல்லை. அதற்குப் பதிலாக மாஸ்டர் வேறொரு பிஸ்கட் பழகிக்கொண்டிருக்கிறார். அது இன்னும் கொஞ்சம் முறுகுகிறது. அடுப்படியிலிருந்து மாடிக்கு வருபவர்கள் படியடியில் இருக்கும் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். தண்ணீரில் அலசினால் போதாது. நானும் அப்படித்தான். அங்கே எனக்கு ஒரு கொக்கி, அதில் ஒரு வெள்ளைச் சட்டை. முதல் வாரம் சட்டை மாற்றாமல் மேலே போனேன். மருமகள் கதவிலேயே நின்றாள், வழி விடவில்லை. திரும்பி இறங்கினேன். கூடத்துச் சுவரில் ஊசிப் பேனா குத்துவது எப்படி என்று படம் ஒட்டியிருக்கிறது. அக்காவுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். மூன்று ஆரஞ்சுப் பழம் வீணானது. நான்காவதில் சரியாகக் குத்தினாள், பத்து வரை எண்ணினாள். பன்னு இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பல் நான்கு.

தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் மாவில் எலி விழுந்தது, அதனால் அதிகாரிகள் வந்து ரஸ்க்கை நிறுத்தினார்கள், மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், நான் போய்க் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வந்தேன் என்று. எலி இல்லை. அதிகாரி யாரும் வரவில்லை. மருமகள் ஒரு நாள் கூடப் போகவில்லை. நான் யார் காலிலும் விழவில்லை. ரஸ்க்கில் முந்திரி இருந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் நான்.